பானெட்டை மட்டும் திறக்க வேண்டாம்

இயேசு மரி சூசை துணை

பத்தாம் கல், புக்கிட் பாஞ்சாங்
சிங்கப்பூர்
9.10.1983

அன்புள்ள தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

அண்ணி மதலேனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அண்ணனும் மகள் ரோசம்மாவும் சுகம். அங்கே நீயும் பிரிஜட்டும் குழந்தையும் சுகம்தானே? பெர்த்தில் குளிர் விட்டுவிட்டதா? குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய். மருந்து மருந்து என்று ஓடாதே, வெந்நீரில் துணியை நனைத்து மார்பில் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

இங்கே ஒரு செய்தி. நம் கிராமம், இந்தக் கம்பம் முழுவதையும் காலி செய்யச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் எல்லாரும் போயாக வேண்டும். வீடு, கோழிக்கூடு, ரம்புத்தான் மரம் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிடுவார்களாம். எங்களுக்கு பிடோக் அடுக்குமாடியில் ஏழாவது மாடி வீடு கிடைத்திருக்கிறது. அண்ணனுக்கு சாங்கி ஏர்போர்ட் கார்கோ வேலைக்குப் போய்வரக் கிட்டம் என்பதால் வாயெல்லாம் பல்.

பிரச்சினை குதிரைதான். அதுதான், ஷெட்டில் ஒன்பது வருஷமாகத் தூங்குகிற நம் மஸ்டாங் கார். தெங்கா விமானப்படையில் இருந்த ஆஸ்திரேலியக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றதை, அங்கே ஸ்டோர் வேலை பார்த்த உன் அண்ணன் ஆசை ஆசையாக வாங்கியது. நீதான் அதற்கு மெக்கானிக், டாக்டர், செவிலித்தாய் எல்லாம். நீ விமானம் ஏறினாய், அதுவும் படுத்துவிட்டது. இப்போது அண்ணன் என்ன சொல்கிறார் தெரியுமா? "பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துடலாம் லா. மாடிக்கா தூக்கிட்டுப் போக முடியும்?"

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கம்பத்தில் அதைக் கோழிக்கூண்டு என்று கேலி செய்யாத வாய் இல்லை. அத்தனை வாயும் பார்க்க, அது தன் காலில் உறுமிக்கொண்டு இந்தத் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். நாற்பத்துமூன்று வயதில் எனக்கு வந்த ஒரே பிடிவாதம் இது.

நீ கைதேர்ந்தவன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாக எழுது. நான் அப்படியே செய்கிறேன். அண்ணன் அன்பு சொல்லச் சொன்னார். அவர் பேனா பிடிப்பது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் என்று உனக்குத் தெரியாதா?

உன் அன்பு அண்ணி,
மதலேனா

* * *

பெர்த்
30.10.1983

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் மூவரின் நலத்துக்கும் தினமும் மன்றாடுகிறோம். ஒத்தடம் கொடுத்தோம், சளி போயே போய்விட்டது. பிரிஜட் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

கம்பம் போகிறது என்று படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. வண்டி விஷயத்தில் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அண்ணி. பழசு பழசுதான். எதற்கு உங்களுக்கு இந்தத் தொல்லை?

ஆனால் நீங்கள் பிடித்தால் விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். முதலில் நன்றாகக் கழுவுங்கள், சோப்புத்தண்ணீர் போதும். டயர்கள் நாலும் போயிருக்கும், கட்டை கொடுத்து நிறுத்துங்கள். தரைத் தகடு துருப்பிடித்து உளுத்திருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். டெஸ்கர் ரோட்டில் யாக்கூப் பாய் இன்னும் பட்டறை வைத்திருக்கிறாரா? நல்ல கை. பிறகு கதவுச் சந்துகளின் ரப்பர், பிறகு சீட்டு. நீங்கள் பள்ளிச் சீருடை தைக்கிற கைக்குச் சீட்டு உறை ஒரு வேலையே இல்லை. பிறகு பெயின்ட்.

எஞ்சின் மூடியை, அந்தப் பானெட்டை மட்டும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். இத்தனை வருஷம் மூடிக் கிடந்ததில் ஸ்பிரிங் இறுகியிருக்கும், துள்ளினால் விரல் போய்விடும். அதை நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எப்போது வருவேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. இங்கே சுரங்க லாரிகளைப் பழுதுபார்க்கிற வேலை, லீவு கேட்டால் முதலாளி முகம் கோணுகிறார்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
ஆம்ப்ரோஸ்

* * *

புக்கிட் பாஞ்சாங்
20.11.1983

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் சுகம். ரோசம்மாவுக்குப் பரீட்சை முடிந்தது. முடிவு வரும்வரை அவளை வேலை வாங்க முடியும் என்பதால் எனக்கும் சுகம்.

நீ எழுதியபடி கழுவினோம். பின்சீட்டில் நம் செவலைக் கோழி குடும்பமே நடத்தியிருக்கிறது. பதினோரு முட்டை! நான் கையை விட்டதும் அது என்னைக் கொத்தியதில் மூன்று நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. வெயிலில் நீலம் வெளிறி, வண்ணான் கல்லில் அடித்த சட்டை போலிருந்தது. மூன்று வாளி தண்ணீருக்குப் பிறகுதான் அது நீலம் என்றே ரோசம்மா நம்பினாள்.

உன் அண்ணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஆனால் மறுநாள் பூசைக்குப் புறப்படும்போது பார்த்தேன், முன்னால் இருக்கிற குதிரைச் சின்னம் பளபளவென்று இருந்தது. யாரோ பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யாக்கூப் பாய் வந்தார். நரைத்துவிட்டார், ஆனால் உன்னை மறக்கவில்லை. "ஆம்ப்ரோஸ் தம்பி கை வச்ச வண்டியா? அப்ப நம்பி எடுக்கலாம்" என்றார். தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு ஓட்டை. இங்கேயே வந்து வெல்டிங் செய்து தருகிறாராம். அவர் பானெட்டில் கை வைத்தார். நான் ஓடிப்போய், "தம்பி இன்னும் சொல்லல பாய், அதை மட்டும் தொடாதீங்க" என்று தடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சுங்கை ரோடு திருட்டு மார்க்கெட்டில் ஒரு சக்கர மூடி கிடைத்தது, அச்சாக நம்முடையது போலவே. யாரோ யாரிடமோ அடித்ததை வாங்குகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வாங்கியும்விட்டேன்.

அடுத்து என்ன? எஞ்சினைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

உன் அண்ணி,
மதலேனா

* * *

பெர்த்
11.12.1983

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே கொளுத்துகிற வெயிலில் குடில் கட்டியிருக்கிறோம். குழந்தை குடிலுக்குள் ஒரு பொம்மைக் காரை நிறுத்திவிட்டாள், மூன்று ராஜாக்கள் அதில்தான் வந்தார்களாம்.

வேலை நன்றாக நடப்பது சந்தோஷம். பெயின்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பழைய நீலத்தை முழுக்கச் சுரண்ட வேண்டும். துருவுக்கு முதல் பூச்சு, அதைத் தேய்த்து மறுபூச்சு, அதன்மேல் நீலம் மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நாள் காய விடுங்கள். மழைக்காலத்தில் நாலு நாள். நீலத்தில் எந்த நீலம் என்று கேட்பீர்கள். இத்துடன் மூன்று நீல மாதிரித் துண்டுகள் ஒட்டியிருக்கிறேன். நடுவில் இருப்பதுதான் கம்பெனி நீலம். இடது பக்கத்தது கொஞ்சம் கறுப்பு, வலது பக்கத்தது பள்ளிப் பிள்ளைகளின் பை போலிருக்கும், வேண்டாம். கண்ணாடி ஓரங்களுக்குப் பேப்பர் ஒட்டச் சொல்லுங்கள். பானெட்டுக்கு வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதும்.

கதவு ரப்பர் ஒரு பொட்டலம் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

எல்லாருக்கும் அன்பு.

தம்பி,
ஆம்ப்ரோஸ்

* * *

புக்கிட் பாஞ்சாங்
8.1.1984

அன்புத் தம்பிக்கு,

புதுவருஷ வாழ்த்து. எல்லாரும் சுகம். ரப்பர் வந்தது, சரியாகப் பொருந்தியது. தரை வெல்டிங் முடிந்தது, கட்டையை எடுத்துவிட்டு நாலு டயரும் புதிதாகப் போட்டாயிற்று. சீட்டு நாலுக்கும் கறுப்பு உறை தைத்துப் போட்டுவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

இனி பெயின்ட் என்று யாக்கூப் பாயிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் முழுக்க நீலம். அவர் கைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார் பார், வயிறு குலுங்க. "அக்கா, எஞ்சினை இறக்கி ஏத்துறப்போ பெயின்ட் எல்லாம் உரிஞ்சி போயிடும்ல? எந்த மெக்கானிக்கும் எஞ்சினைத்தான் முதல்ல கேப்பான். ரெண்டு கடுதாசியில அந்தப் பேச்சே இல்லயே! உங்க தம்பி அங்க போயி பெயின்டர் ஆயிட்டாரா?"

நானும் சிரித்தேன்.

ஆம்ப்ரோஸ், வண்டி ஓடாமல் இந்த இடத்தைவிட்டு நகர முடியாது. ஏப்ரல் முப்பது என்றால் முப்பதுதான், ஒரு நாள் கூடக் கொடுக்கமாட்டார்கள். அன்றைக்கு அது ஓடவில்லை என்றால் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போவான். நான் தைத்த சீட்டோடு சேர்த்து நசுக்குவான். எஞ்சினைப் பற்றி ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி. அதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

அண்ணி,
மதலேனா

* * *

புக்கிட் பாஞ்சாங்
19.2.1984

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தபால்காரன் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறான்.

போன செவ்வாய் அண்ணன் பழைய இரும்புக்காரனை வரவழைத்துவிட்டார். லாரியோடு வந்தான். நான் குதிரைக்குள் ஏறி, கதவைப் பூட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, உங்க சம்சாரம் கார்ல போறாங்களா?" என்று கேட்டான். அண்ணன் அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏப்ரல் முப்பது காலையில் வா என்று சொல்லியிருக்கிறார். நான் அன்றைக்கும் உள்ளே இருப்பேன். நசுக்கட்டும்.

கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள். நன்றாகவே தப்பாக எடுத்துக்கொள். உன் மகளுக்கு நாலு வயது. போட்டோவில்தான் அவளுக்கு நான் பெரியம்மா. ஐந்து வருஷத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்தபோது லூர்து மாதா கோவிலில் எல்லாரும், "சின்னவன் எங்கே, சின்னவன் எங்கே" என்று கேட்டார்கள். "அங்க லீவு குடுக்கமாட்டாங்க" என்று உன் அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கழுத்து வலிக்கத் தலையாட்டினேன் ஆம்ப்ரோஸ்.

ஒரு வரி கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதலேனா

* * *

பெர்த்
18.3.1984

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்: வண்டிக்குள் எஞ்சின் இல்லை.

நான்தான் எடுத்தேன். 1974ஆம் வருஷம் மே மாதம், நீங்கள் எல்லாரும் நவநாளுக்குப் போயிருந்த சனிக்கிழமை. இங்கே வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது, பயணத்துக்குக் கையில் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் கொடுக்கும் முன், "போகாதே லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த வார்த்தையைக் கேட்டால் நான் போயிருக்கமாட்டேன். அதனால் கேட்கவே இல்லை. ஜோகூரில் படகுப் பந்தயம் விடுகிற ஒருவனுக்கு விற்றேன். இரண்டு பேரோடு அவனே வந்து தூக்கிக்கொண்டு போனான். எஞ்சின் போனதும் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. யாருக்கும் தெரியக்கூடாதென்று உள்ளே நாலு மணல் மூட்டைகளை அடுக்கி, பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து மூடினேன். "கார்புரேட்டரைப் பிரித்திருக்கிறேன், பார்ட்ஸ் அனுப்பும்வரை தொடாதீர்கள்" என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். ஆறு மாசத்தில் வேறு எஞ்சின் வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆறு மாசம் ஆறு வருஷமானது. அதற்குள் ஒரு எஞ்சின் வாங்கவும் செய்தேன் அண்ணி, அதே எட்டு சிலிண்டர். வாங்கி, முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு திருகையும் துடைத்துப் பூட்டினேன். என் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. "இது யாருக்கு?" என்று பிரிஜட் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள். அனுப்பினால் எதற்கு அனுப்பினேன் என்று சொல்ல வேண்டுமே. அந்த வாய் எனக்கு வரவில்லை.

அம்மா போனபோது விமானச் சீட்டு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். லீவு கிடைத்திருந்தது. நம் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஷெட்டைத் தாண்டித்தானே வர வேண்டும்? அதைத் தாண்ட என் காலுக்குத் தைரியமில்லை. அம்மா முகத்தைவிட எனக்கு அந்தப் பானெட் பெரிதாகப் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கே என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

போன சனிக்கிழமை தவக்காலப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பத்து வருஷமாகக் கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று சில்லறைப் பாவங்களாகவே சொல்லி வந்தவன், இந்தத் தடவை, "திருடினேன்" என்றேன். என்ன திருடினாய் என்றார் சாமியார். எஞ்சின் என்றேன். எப்படிப்பட்ட எஞ்சின் என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. சாமியாருக்குக் கார் ஆசை உண்டு. பிறகு, "யாருடையது?" என்றார். அண்ணனுடையது என்றேன். "அப்படியானால் என்னிடம் வருவதற்கு முன்னால் அவரிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? எடுத்ததைத் திருப்பிக் கொடு. சொல்லிக் கொடு" என்றார்.

சொல்லிவிட்டேன். அண்ணனிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

ஆம்ப்ரோஸ்

* * *

புக்கிட் பாஞ்சாங்
29.3.1984

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸ்,

முதலில், அழாதே. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் அழுது முடித்துவிட்டேன். இரண்டாவது, எங்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு நீ போன மறுவாரமே தெரியும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று போன உன் அண்ணன், பானெட்டைத் திறந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் குனிந்தபடி நின்றார். பிறகு சத்தமில்லாமல் மூடினார். உள்ளே வந்து, "எலி வயரைக் கடிச்சிருக்கு. நேரம் கிடைக்கிறப்ப பாக்கலாம்" என்றார். அவருக்கு அந்த நேரம் பத்து வருஷமாகக் கிடைக்கவில்லை.

எனக்கே அவர் முதலில் சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்தில் வண்டியின் மூக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடியில் மணல் கொட்டிக் கிடந்தது. அன்று மத்தியானம் உன் அண்ணன் இற்றுப்போன ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்து, "இதைக் கொஞ்சம் அழுத்தமா தச்சுக் குடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "யாருக்கும் தெரியக்கூடாது. பையன் மெக்கானிக். பேரு போச்சுன்னா அவனுக்குப் பொழப்பு போச்சு" என்றார். நான் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அதில் மறுபடி மணலை நிரப்பி உள்ளே வைத்தார். நீ அடுக்கிய நாலு மூட்டையில் இப்போது மூன்று என் கைத்தையல்.

இதனால்தான் வண்டி அங்கேயே கிடந்தது ஆம்ப்ரோஸ். சோம்பேறித்தனத்தால் இல்லை. பழுதுபார்க்கக் கொடுத்தால் எவனாவது பானெட்டைத் திறப்பான். நல்ல விலைக்குக் கேட்டு வந்த இரண்டு பேரையும் அவர் விரட்டிவிட்டார், பைத்தியக்காரன் என்று பெயரும் வாங்கினார். பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டதும் அதற்குத்தான். திறக்காமலே நசுக்குகிறவன் அவன் ஒருவன்தானே.

இத்தனை நாள் நானும் சொல்லக்கூடாது என்று கட்டளை. "அவனே சொல்லட்டும்" என்றார். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது என் சுபாவமா, நீயே சொல். கம்பத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஷெட்டோடு அது போய்விட்டால் நீ கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடுவாய், அவர் கேட்காமலே இருந்துவிடுவார், உன் மகளை நான் பார்க்காமலே செத்துப்போவேன். அதனால்தான் இந்த சோப்பு, சீட்டு, வெல்டிங் எல்லாம். திருட்டு மார்க்கெட் என்று எழுதியது வேண்டுமென்றேதான். மன்னித்துக்கொள், அல்லது மன்னிக்காதே.

எஞ்சினுக்காக எனக்கு ஒரு நாளும் உன்மேல் கோபம் வந்ததில்லை. அம்மாவுக்கு வராததற்கு வந்தது. இன்னும் இருக்கிறது. நேரில் வா, திட்டித் தீர்க்கிறேன்.

உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மறைக்காதே என்றாய், மறைக்கவில்லை.

முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. போர்வையை எடு.

உன் அண்ணி,
மதலேனா

* * *

பெர்த்
8.4.1984

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் பிரித்துத் தொலைத்தேன். லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன், பழுதுபார்ப்பதாக நினைத்திருப்பார்கள்.

எஞ்சினைப் பெட்டியடித்து வெள்ளிக்கிழமை கப்பலில் ஏற்றிவிட்டேன். பாஸ்கா பண்டிகைக்கு முன் வந்து சேரும். கூடவே மவுண்டு, கேஸ்கெட், ஹோஸ் எல்லாம் வைத்திருக்கிறேன். எது எங்கே என்று படம் போட்டு உள்ளே ஒட்டியிருக்கிறேன். ரம்புத்தான் மரத்தின் பெரிய கிளையில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கினால் போதும், யாக்கூப் பாய்க்கு ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு பெயின்ட் அடியுங்கள். நடுவில் உள்ள நீலம்.

நான் வரவில்லை அண்ணி. கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தே பத்து வருஷம் மணல் மூட்டை மாற்றியவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அவர் ஒரு அறை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எஞ்சின் வருகிறது, அது போதும். நான் இன்னொரு சமயம் வருகிறேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்களே பார்த்து ஏதாவது சொல்லுங்கள்.

தம்பி,
ஆம்ப்ரோஸ்

* * *

பத்தாம் கல்
குருத்து ஞாயிறு, 15.4.84

ஆம்ப்ரோஸுக்கு அண்ணன் இயேசுதாசன் எழுதுவது.

சுகம். நீயும் சுகம்தானே. எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். மதலேனா எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கப்பல் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வியாழக்கிழமை எஞ்சின் இறங்குகிறது. நானே போய் எடுத்து வருவேன்.

மணல் மூட்டைகளை நேற்று எடுத்துக் கொட்டிவிட்டேன். பானெட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான். எஞ்சின் எங்கே என்று கேட்டால், தம்பி கொண்டுவருகிறான் என்று சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எஞ்சினை விற்றது போகட்டும். எழுபத்திரண்டில் அதை இறக்கி ஏற்றினோமே, அந்த மரத்தடியில், நீ கீழே நின்று பார்த்துக்கொள்ள நான் சங்கிலி பிடித்தேன். இன்னும் ஒரு விரக்கடை, இன்னும் ஒரு விரக்கடை என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்தச் சனிக்கிழமை உனக்கு யாரோ ஒருவன் சங்கிலி பிடித்திருக்கிறான். யார் பிடித்தது, சரியாகப் பிடித்தானா, உன் கையை நசுக்காமல் விட்டானா என்று பத்து வருஷமாக என்னை அதுதான் அரித்தது.

யாக்கூப் பாயிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரும்புக்காரனையும் நிறுத்திவிட்டேன். முப்பதாம் தேதி மரத்தையும் வெட்டிவிடுவார்கள். பெட்டியை மரத்தடியிலேயே வைத்திருப்பேன், பிரிக்கமாட்டேன்.

பிரிஜட்டையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. எஞ்சினை இறக்க இரண்டு ஆள் வேண்டும். இங்கே நான் ஒரு ஆள்தான் இருக்கிறேன்.

இயேசுதாசன்